ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்

நீல்சன் ரோட்டில் ஏழு ஐம்பத்திரண்டு.
கதவைத் திறந்தால் முதலில் குளிர் ஏறும்,
பிறகு ஆருஜன்.
ஆறு வயது. தொப்பி இல்லை.
சப்பாத்துக்குள் காலுறைக்குப் பதில் பால் பை,
இரண்டு கணுக்காலிலும் றப்பர் வளையம்.
ஆர் கட்டிவிட்டது என்று கேட்டேன்.
"நான்தான்" என்றான், பெருமையாக.

அன்று நான் சிரித்தேன்.
எழுதி வைக்கவில்லை.

ஒரு நாள் கண்ணாடியைத் திருப்பக் கை உயர்த்தினேன்.
நாற்பது பிள்ளைகளும் தெரிகிற கண்ணாடி.
முப்பத்தொன்பது பேர் கத்திக்கொண்டே இருந்தார்கள்.
ஒருவன் மட்டும்
இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

படியில் விழுந்தேன் என்றான் தை மாதம்.
மாசியிலும் அதே படி,
அதே சொற்கள், அதே வரிசையில்,
பாடமாக்கின தேவாரம் போல.
நான் நாள்தோறும் பார்க்கிற வாசல் அது.
தரையோடு தரை.

வெள்ளிக்கிழமைகளில் மற்றதுகள் துள்ளி இறங்கும்.
அவன் கடைசியாக வருவான்,
பையின் சிப்பை மூடித் திறந்து மூடி.
"நாளைக்கு பஸ் இல்லையா, மிஸ்?"
"இல்லையடா."
"நாளையிண்டைக்கு?"

அவன் தகப்பனை எனக்குத் தெரியும்.
கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிக்கிறவர்.
"இன்னும் கொஞ்சம் போடட்டோ அக்கா" என்று
என் தட்டில் இரண்டாம் தரம் சோறு வைத்தவர்.
நல்லாய்ச் சாப்பிட்டேன்,
யாரோ சிந்திய சீரியலை
இருக்கை இடுக்கில் விரல் விட்டு எடுத்து
அந்தப் பிள்ளை தின்றதைக் கண்ட
அதே கிழமை.

"குடும்பத்தைக் குலைச்ச பாவம் உனக்கு வேண்டாம்"
என்றார் இவர், டிவியை விட்டுக் கண் எடுக்காமல்.
"நீ என்ன டொக்டரோ? உன்ர வேலை ஓட்டுறது."
ஓட்டுகிறவள்தான்.
அந்தக் கண்ணாடியையும் எனக்குத்தானே தந்தார்கள்.

பங்குனி நான்காம் தேதி, வெறும் பஸ்ஸுக்குள் இருந்து
எண்ணை அழுத்தினேன். வெட்டினேன். அழுத்தினேன். வெட்டினேன்.
மூன்றாம் தரம் ஒரு பெண் குரல்.
நிச்சயமாய்த் தெரியாது, என்று தொடங்கினேன்.
நிச்சயம் தேவையில்லை, என்றாள்,
கண்டதைச் சொல்லுங்கோ, நாளோடு சொல்லுங்கோ.
ட்ரிப் ஷீட்டைத் திருப்பினேன்.
டீசல் கணக்கின் மறுபக்கம் என் கிறுக்கல்,
எட்டு நாள், எட்டு நேரம்.
எட்டு வரை ஏன் எண்ணினேன் என்று
அவள் கேட்கவில்லை.

பிறகு என்ன நடந்ததென்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
கோயிலில் வேறு ஆள் கரண்டி பிடிக்கிறார்.
சிலர் என் செருப்புக்குப் பக்கத்தில்
தங்கள் செருப்பைக் கழற்றுவதில்லை.

பட்டியலில் பெயர் இல்லை.
ஆனாலும் ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கதவைத் திறக்கிறேன்.
"மிஸ், அங்க ஆருமில்லை" என்கிறது பின்னால் ஒரு குரல்.
தெரியும்.

இன்று காலை தேத்தண்ணிக்குப் பால் பையை வெட்டப்போய்
கத்தரிக்கோல் நின்றது.
என்ன, என்றார் இவர்.
ஒன்றுமில்லை என்றேன்.
வெறும் பையைக் கழுவி
குழாய்மேல் காயப்போட்டேன், எதற்கென்று தெரியாமல்.