மாம்பழ மஞ்சள்

லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடையில்
பட்டுப் பிரிவு இரண்டாவது மாடி.
எங்களுக்கான கழிவறை நான்காவது.
நடுவில் நாற்பத்தாறு படி.
எண்ணியது நானில்லை,
என் மூத்திரப்பை.

தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன்.
நர்ஸம்மா என் கணுக்காலைக்
கட்டைவிரலால் அழுத்திவிட்டு
குழி மேலே வரும்வரை
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து
ஃபால்ஸ் தைக்கிற சேலையெல்லாம் நானே கொண்டுபோகிறேன்.
தையல்காரரும் நான்காவது மாடிதான்.
ஒவ்வொரு சேலைக்கும் முன்னால் ஒரு தம்ளர்.
"இந்த நிலைமையிலும் சுறுசுறுப்பு"
என்றார் சூப்பர்வைசர்.

நாற்காலி உண்டு, வாங்க வருகிறவர்களுக்கு.
எங்களுக்கு நிற்பதற்குத்தான் சம்பளம்.
கவுன்ட்டருக்குப் பின்னால்
விலைபோகாத சுங்குடிக் கட்டு நான்கை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாள் பிலோமினா.
ஸ்டூல் என்றால் கேள்வி வரும்.
சரக்கு என்றால் சரக்கு.
படியில் சூப்பர்வைசரின் வழுக்கை தெரிந்ததும்
"அந்த மாம்பழ மஞ்சள் எங்கடி?" என்பாள்.
நான் எழுந்து தேடுவேன்.
அப்படி ஒரு கலர் எங்கள் கடையிலேயே கிடையாது.

எழுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
நேராக எம்பினால் அடிவயிறு சுண்டி இழுக்கும்.
பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி,
மூச்சை விட்டுக்கொண்டே.
சூப்பர்வைசர் பதினான்கு படி ஏறுவதற்குள்
எனக்கு இது முடிந்துவிடும்.
எட்டாம் மாதத்தில் எப்படியோ.

வீடு பச்சையாங்குப்பம்.
ஜன்னலைத் திறந்தால் சிப்காட் வாடை,
மூடினால் மே மாதம்.
இவர் வாசலுக்குப் போய்
மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துவிட்டு
"இப்ப திற" என்பார்.
அரை மணி கழித்து "மூடு" என்பார்.
இரவெல்லாம் எங்கள் உரையாடல் இவ்வளவுதான்.

இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை,
முதுகுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று,
வயிற்றுக்குக் கீழே சுருட்டிய கைலி.
வீட்டில் இருந்ததே மூன்று தலையணை.
அவர் தலைக்கு இப்போது கல்யாண ஆல்பம்.
செருப்பும் அவருடையதுதான் போட்டுவருகிறேன்,
எட்டாம் நம்பர்,
சாயங்காலம் அதுவும் பிடிக்கிறது.

போன வியாழக்கிழமை
நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்,
வளைகாப்புக்குப் பச்சைப்பட்டு எடுக்க.
சூப்பர்வைசரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.
ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.
ரோஸ் மில்க் வந்தது.
நான் மேல் தட்டுக்குக் கை தூக்கியபோது
சேலை விலகி வயிறு தெரிந்திருக்கும்.
"எத்தனை?"
"ஏழு முடிஞ்சுது."
"எனக்கும்."
அதற்குமேல் பேச அவர் விடவில்லை.
பக்கத்திலேயே நின்று
ஜரிகையின் தரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்துவிட்டாள்.
"பஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போச்சு.
நின்னு மேல போட்டுப் பார்க்கறேன்.
அக்கா, நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க.
மடிப்பு எப்படி விழுதுன்னு
கீழேயிருந்து பார்த்தாத்தான் தெரியும்."

சூப்பர்வைசர் வாயைத் திறந்து,
வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து,
மூடிக்கொண்டார்.

பாசிப் பச்சை. கிளிப் பச்சை. வாழைக்குருத்து.
ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி முன் மெதுவாகத் திரும்பினாள்.
இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
இடம், வலம், மறுபடி இடம்.
"கீழ இன்னும் கொஞ்சம் பாருங்கக்கா" என்றாள்,
நான் எழப் பார்த்தபோதெல்லாம்.
பதினோரு பச்சை.

கீழே டெலிவரிக்குப் போய்த் திரும்பிய பிலோமினா
ஒன்றும் புரியாமல்
அவர் வழுக்கையை மட்டும் பார்த்துப் பதறி
"அந்த மாம்பழ மஞ்சள் எங்கடி!" என்று கத்திவிட்டாள்.

நெல்லிக்குப்பத்துக்காரி திரும்பினாள்.
"மாம்பழ மஞ்சளா?
அதையும் எடுங்க, பார்த்துடலாம்."

கிடங்குக்கு அவரே இறங்கிப் போனார்.

நான் காலை நீட்டிக்கொண்டேன்.
பாதி ரோஸ் மில்க்கை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு
அவள் பன்னிரண்டாவது பச்சையை
விரிக்கத் தொடங்கினாள்.