அறுபத்துநாலு என்றால் ஒன்று

பாத்தூமியில் அவர் ஜெயித்த கோப்பையில்
துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.
வெள்ளி இல்லை.
உரசிப் பார்த்துவிட்டு அடகுக்கடைக்காரர்
தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

சவரிராயன். எண்ணெய்க் கப்பலில் சமையல்.
கூலித் தகராறில் கப்பலைப் பிடித்துவைத்த ஏழு மாதம்,
அரிசி தீர்ந்து, பருப்பும் தீர்ந்து,
பந்தர் அப்பாஸில் கற்றுக்கொண்ட ஆட்டம்.
இருபத்துநாலு முக்கோணம், முப்பது காய், இரண்டு பகடை.
ஆறும் ஐந்தும் விழுந்தால் ‘ஷேஷ் பேஷ்’ என்பார்.
இரண்டு விழுந்தால் ‘தூ’.
பார்சியோ துருக்கியோ எனக்குத் தெரியாது.
தன்னைத்தான் துப்புகிறார் என்று
என் அம்மா ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை.

உலகத்தில் முதல் ஆள்.
ராயபுரத்தில் எதிரே உட்கார ஆள் இல்லை.
பேப்பரில் நாலு வரி வந்தது, கேரம் வீரர் என்று.

ஆள் தேடி அலைந்தார்.
சூளைமேட்டில் மாடி அறையில் ஈரான் மாணவர்கள்,
துறைமுகத்தில் மூன்று நாள் நிற்கும் கிரேக்கக் கேப்டன்,
சௌகார்பேட்டையில் பளிங்கு விற்கும் ஜெயந்திலால் சேட்.
ஒருமுறை போலீஸ் பிடித்தது.
என்னய்யா ஆட்டம் இது என்றாராம் இன்ஸ்பெக்டர்.
ஆடிக் காட்டினார்.
இருநூறு ரூபாயோடு வீட்டுக்கு வந்தார்.

பழைய ஃபியட் ஒன்று வந்தது.
முன்பாதி மட்டும் உள்ள ஏசி வந்தது.
முப்பது கிலோ நைலான் நூல் வந்து
கட்டிலுக்கு அடியில் கிடந்தது.
பலகை கொண்டுவந்ததையெல்லாம்
கிண்டியில் குதிரை தின்றது.
ஃபியட், திருவொற்றியூர் மனை, என் வளையல்.
பலகையில் அவ்வளவு நிதானம்,
குதிரை என்றால் குழந்தை.

இன்னொரு கட்டை உண்டு, உருட்டுவதற்கு அல்ல.
இரண்டு, நாலு, எட்டு என்று ஏறி
அறுபத்துநாலில் முடியும் ஆறு முகம்.
முகத்தைத் திருப்பி எதிராளி பக்கம் நகர்த்த வேண்டும்:
பந்தயம் இரட்டிப்பு. எடுக்கிறாயா, விடுகிறாயா?
நாலில் ஒரு வாய்ப்பு இருந்தால் எடு.
அதற்குக் கீழே என்றால் கும்பிட்டு எழுந்துவிடு.
ஆடத் தெரியாதவனுக்குத்தான் ரோஷம் என்பார்.

ஸ்டான்லியில், எண்பத்துமூன்றாம் படுக்கை.
நெஞ்சுக்குள் பெரிய குழாய் வீங்கியிருக்கிறது,
அறுத்தால் ஐந்தில் ஒருவர் பிழைக்கலாம்
என்றாள் அந்தச் சின்ன டாக்டர்.
அவர் கூரையைப் பார்த்து ஒரு நொடி கணக்குப் போட்டார்.
‘இருபதுதான், ஃபிலோ. விடு.’
குரலில் வருத்தம்கூட இல்லை,
பலகையை மூடி வைக்கிற மாதிரி.

நான் லாட்டரிச் சீட்டு வாங்கியவள் இல்லை.
ஏலச்சீட்டில்கூட கடைசி மாதம்தான் எடுப்பேன்.
பேனாவைக் கொடும்மா என்றேன்.
கையெழுத்துப் போடும்போது
கத்துக்குட்டி காய் நகர்த்துவதைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மாதம் இருந்தார்.
ஜெயித்தேனா என்று கேட்டேன்.
‘மோசமான எடுப்பு, நல்ல பகடை’ என்றார்.
தினம் சாயங்காலம் ஆடினோம், புள்ளிக்குப் பத்து காசு.
கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்.
கடைசிக் கணக்கில் அவர் எனக்குத் தரவேண்டியது
முப்பத்துநாலு ரூபாய் இருபது காசு.
தரவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள்
சேட் வந்தார், வெள்ளைச் சட்டையில்.
கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது,
பாக்கி நாற்பதாயிரம் என்றார்.
தண்ணீர் கொடுத்தேன். பலகையை விரித்தேன்.
காய்களை நான் அடுக்கும் வேகத்தைப் பார்த்து
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

கட்டையை நடுவில் வைத்தேன்,
அறுபத்துநாலு மேலே.
தொடக்கத்தில் அதற்கு ஒன்று என்று பொருள்.
இன்னும் யாரும் எதையும் இரட்டிக்கவில்லை.