பாக்கி

வலது மணிக்கட்டில் இரண்டு பட்டை.
ஒன்று மருத்துவமனை கட்டியது:
உடனிருப்பவர், அறை 412.
இன்னொன்று நந்தனம் மைதானத்து வாசலில்
ஒரு பையன் இறுக்கிய கருநீலம்.
கழற்றினால் செல்லாது என்றான்.
முதலாவதற்கும் அதே விதிதான்.

கிள்ளானிலிருந்து வந்து பதினோரு நாள்.
அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து மூடியாகிவிட்டது.
பில் போடும் ஜன்னலில் நான் வெளிநாட்டுக்காரன்,
விலை வேறு.
ஆட்டோவில் வாய் திறந்தால் "சிலோனா சார்?"
இல்லை, மலேசியா என்று விளக்கி முடிப்பதற்குள்
கிரீம்ஸ் ரோடு சிக்னல் இரண்டு முறை மாறிவிடுகிறது.

டிக்கெட் இரண்டும் அண்ணன் வாங்கியது,
ஆப்பரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே.
"கே.எல்.லுக்கு அவனுங்க வந்ததே இல்ல.
நாம போறப்ப மெட்ராசுக்கு வரானுங்க,
இதவிட என்னடா வேணும்?"
டாக்டரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.
டாக்டர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

கூடுதல் டிக்கெட்டை வாசலில் நின்று விற்றேன்.
வாங்கியவள் ஜெனிட்டா, வியாசர்பாடி.
எனக்கு ஜிபே இல்லை என்றதும் பயந்துபோனாள்.
பையைக் கவிழ்த்துப் பாதிக் காசு தேற்றினாள்,
மீதிக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை.
சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறாளாம்,
"ஞாயித்துக்கெழம மட்டும்ணே. அதுவும் மெதுவா."

மேடைக்கு வந்தார்கள்.
கேசட் அட்டையில் தோள்வரை முடி வைத்திருந்தவன்
இப்போது வழுக்கை.
பாஸ் கிட்டார்க்காரன் முட்டிக்குப் பட்டை கட்டியிருந்தான்.
முப்பத்தொரு வருடம் முன்பு
பசார் மாலாமில் மூன்று ரிங்கிட் கள்ளப் பதிப்பு அது.
பாட்டுகளின் பெயரை எவனோ தன் இஷ்டத்துக்கு அச்சடித்திருந்தான்.
அதனால் இன்றுவரை எங்கள் இருவருக்கும்
அந்தப் பாட்டு வெறும் 'ஆறாவது'.

முதல் அடி விழுந்தது,
காதில் இல்லை, விலா எலும்பில்.
நேற்றுவரை நெஞ்சு என்றால் எனக்கு
மானிட்டரில் ஓடும் பச்சைக் கோடு.

சிறுசேரி அடையாள அட்டையைக் கழற்ற மறந்தவன்
முன்னால் குதித்தான். அட்டை முதுகுப்பக்கம் போய்
அவனுடைய புகைப்படம் என்னையே முறைத்தது.
மழை விட்டு இரண்டு நாள்; சேறு
ஒற்றைச் செருப்புகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டது.
ஜெனிட்டா பாடவில்லை, கையும் தூக்கவில்லை.
"அந்தாளு எடது காலப் பாருங்கண்ணே," என்றாள்,
"கை சும்மா ஷோ."
பெரிய திரையில் அதைக் காட்டவே இல்லை.
எட்டிப் பார்த்தால் தெரிந்தது:
மிதியின் மேல் பழைய ஷூ ஒன்று
ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
412இல் சொட்டு மருந்துக்கு வைத்த மெஷின் மாதிரி
யார் கவனிப்பையும் கேட்காமல்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு
மேடை ஓரத்துக் காக்கிச்சட்டை கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது.
பத்துக்கு மேல் மைக் கூடாது.
பாடகன் ஏதோ சொன்னான், மன்னிப்பு போல.
புரியாமல் கைதட்டினோம்.
வெள்ளை விளக்குகள் எரிந்தன, எல்லா முகமும்
கடைசி ஸ்டாப்பில் எழுப்பப்பட்ட முகம்.
ஆறாவது வரவில்லை.

ஜெனிட்டா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.
பாதி தூரத்தில் திரும்பி,
"மீதி துட்டு?" என்று கத்தினாள்.
கடலை போதும் என்று சைகை காட்டினேன்.

மருத்துவமனை வாசலில் காவலாளி என் கையைப் பிடித்து
கருநீலப் பட்டையில் டார்ச் அடித்தார்.
"இது எந்த வார்டு சார்?"

அண்ணன் விழித்திருந்தார்.
இருமல் வந்தால் நெஞ்சோடு அணைக்கச் சொல்லிக் கொடுத்த
சின்னத் தலையணை மடியில்.
என் காதுக்குள் இன்னும் கூவல்;
அவர் உதடு அசைந்ததை வைத்துத்தான் கேள்வி புரிந்தது.
பாடலண்ணே.
பாக்கி வச்சிட்டானுங்க.

தலையணையை இறுக்கிக்கொண்டார்,
தையல் நோகாமல்
தவணை தவணையாகச் சிரித்தார்.
பிறகு இரண்டு விரலால் அதன்மேல்
மெல்லத் தட்டத் தொடங்கினார்.
நான் போர்வையைப் பார்த்தேன்,
இடது கால் இருக்கும் இடத்தை.