அடைப்பான்

பத்தொன்பது வருடம் டூயிஸ்பூர்க்கில் பஸ் ஓட்டிய கால் இது.
பள்ளிக்கூட வாசல், குறுக்கே ஓடும் நாய்,
மழையில் வழுக்கும் ட்ராம் தண்டவாளம்,
எதுவானாலும் இதற்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்:
பிரேக்.

அந்தக் காலைத்தான் இன்று
வேஸல் பக்கம், ஜல்லி தோண்டித் தோண்டி
ஏரியாகிவிட்ட ஒரு குழிக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.
வெள்ள மீட்புப் படைக்குப் பெயர் கொடுத்தபோது
மணல்மூட்டை அடுக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

வீப்கேவுக்கு இருபத்துநாலு வயது.
சூரியகாந்தி விதை கொறித்தபடி வண்டியைச் சுற்றி வருகிறாள்.
எட்டுச் சக்கரம். குளியல் தொட்டியை
டிராக்டருக்குக் கட்டிக்கொடுத்துப் பிறந்த பிள்ளை மாதிரி.
ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள்;
இரண்டும் ஒன்றேயானால் எது எதில் ஏறுவது என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்.
இடதை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும்,
வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்.
தரையில் அரைமணியில் பழகிவிட்டது,
ஒரு வேலிக்கம்பம் தவிர யாருக்கும் சேதமில்லை.

"அடைப்பான்?" என்றாள்.
"போட்டாச்சு" என்றேன்,
கதவு மூடியதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு
கிளம்புகிறவனின் குரலில்.

சரிவில் நேராக இறங்கு, சாய்ந்தால் கவிழ்வோம்,
மெதுவாக, இன்னும் மெதுவாக.
பின்னால் டெட்லெஃப், ரொட்டிக்கடைக்காரர், நூற்றுப்பத்து கிலோ,
இன்றைக்கு அவர்தான் சரக்கு.
அசையக் கூடாது, அவருக்கு அந்த ஒரே உத்தரவு.

முன்சக்கரம் நனைந்தது. அடுத்தது. அடுத்தது.
அடியில் ஜல்லி நறநறத்தது,
நறநறத்தது,
பிறகு இல்லை.

மாடிப்படி முடிந்தது தெரியாமல்
இல்லாத படிக்குக் காலை நீட்டுவோமே, அது.
என் வலது கால், யாரையும் கேட்காமல்,
ஓங்கி மிதித்தது
வெறும் தகட்டை.

"அங்கே ஒன்றுமில்லை" என்றாள் வீப்கே.
"எல்லா டிரைவரும் மிதிப்பார்கள்."
குனிந்து பார்த்தேன்.
ஒரு பாதம் அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து
இரும்பு பளபளத்தது.

டயரின் பல்லெல்லாம் துடுப்பாகி
நடக்கிற வேகத்தில் நகர்ந்தோம். ஒரு வாத்து முந்தியது.
இடதை இழுத்தேன். ஒன்றுமில்லை.
இன்னும் இழுத்தேன். ஒன்றுமில்லை.
கையை எடுத்தபிறகு, தாமதமாக வந்த கடிதம் போல,
மூக்கு திரும்பத் தொடங்கியது,
திரும்பிக்கொண்டே இருந்தது,
காற்று வேறு அதன் கட்சி.
ஒரு முழு வட்டம் அடித்தோம்.
"அழகு" என்றாள், எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

அப்போதுதான் டெட்லெஃப், தலையைத் திருப்பாமல்,
"என் காலுறை நனைகிறது" என்றார்.

அடைப்பான் மூன்று.
மூன்றாவது என் சட்டைப்பையில் இருந்தது,
பெப்பர்மின்ட் டப்பாவுக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவில்.
வீப்கே விதை கொறிப்பதை நிறுத்தினாள்.
திட்டவில்லை. பம்பைத் தட்டிவிட்டு
கரையைக் காட்டினாள். "ஓட்டு."

எண்பது மீட்டர். 32-ஆம் நம்பர் தடத்தில்
இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே கொட்டாவி விடும் தூரம்.
நேரே பிடித்தால் காற்று இழுக்கிறது,
அதனால் நாணல் புதரைப் பார்த்துப் பிடித்தேன்,
போக வேண்டிய இடத்தைப் பார்க்காமல்.
வண்டி முனகிக்கொண்டே சரிவுப் பக்கம் ஒதுங்கியது.
"அசையலாமா?" என்றார் டெட்லெஃப், கணுக்கால் தண்ணீரில்.
"கூடாது" என்றோம் இருவரும்.

நற.
இந்த ஒரு சத்தத்துக்கு
என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.
நறநறவென்று எட்டும் பற்றிக்கொண்டு ஏறின.

எஞ்சினை அணைத்தேன்.
அடைக்காத துளை வழியே ஏரி
அவசரமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
என் வலது கால் இன்னமும் அந்தப் பளபளப்பை அழுத்திக்கொண்டிருந்தது,
தன் பங்குக்குக் கொஞ்சம் பெயிண்டைத் தேய்த்தபடி.

பின்னாலிருந்து, மிக மரியாதையாக:
"இப்போது?"