4117-ஆம் வரி

புதுவயல் அரிசி ஆலையின் எடைமேடை
ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி எழுதுகிறது.
நெளி அடைப்பு திறக்கும்:
வண்டி எண், ஈரப்பதம், குறிப்பு, எடை.
நெளி அடைப்பு மூடும். ஒரு எண்டர்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.
ஒரு லாரி ஒரு வரிக்குள் அடங்க வேண்டும்.
முன்னால் போனது யார், பின்னால் வருவது யார்
என்று அது திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில்
பைத்தானில் ஒரு லூப் எழுதி உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்று வருஷக் கோப்பு.
மொத்தமாக வாயில் திணித்தால்
என் லேப்டாப்புக்கு விக்கல் எடுக்கும்.
அதனால் கவளம் கவளமாக:
ஒரு வரி எடு, பிரி, கூட்டு, மற.
மறப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த வேலை.

4117-இல் நின்றது.
மேற்கோள் மூடவில்லை என்றது.
4118-இல், மதிப்பே இல்லையே என்றது.
இரண்டையும் பிழைக் கோப்பில் ஒதுக்கிவிட்டு
ஓடு என்றேன், ஓடியது,
கடைசி வெற்று வரியையும் தாண்டி.
டீ ஆறுவதற்குள் மொத்த எடை வந்துவிட்டது.

ஆலையில் உமையாள் அக்கா கையால் எழுதும் நோட்டோடு
ஒத்துப் பார்த்தால்
18,240 கிலோ குறைகிறது.
ஒரு லாரி, சுளையாக.

பிழைக் கோப்பைத் திறந்தேன்.
இரவுப் பணியில் இருந்த வெள்ளைக்கண்ணு
குறிப்புக் கட்டத்துக்குள்ளேயே
எண்டர் தட்டியிருக்கிறான்.

"டிரைவர் இறங்கலை

என்று முடிகிறது 4117.
அடுத்த வரி, அடைப்பும் இல்லாமல் மேற்கோளும் இல்லாமல்
நடுத்தெருவில் நிற்பதுபோல் தொடங்குகிறது:

அழுதுக்கிட்டு இருக்கார். ஆளோட எடை போட்டேன்",

பிறகு எண்: 18,310.

எண்டர் இருந்த இடத்தில்
ஒரு பின்சாய்கோடும் ஓர் என்னும் வைத்து ஒட்டினேன்.
இப்போது அது ஒரே வரி.
லூப் அதையும் மற்ற லாரிகளைப் போலவே
எடுத்தது, பிரித்தது, கூட்டியது, மறந்தது.

இப்போது எழுபது கிலோ கூடுதல்.

அக்காவுக்கு போன் போட்டேன்.
நோட்டைப் புரட்டும் சத்தம்.
"அந்த ராத்திரி எழுபது கழிச்சிருக்கேன்.
நெல்லுக்குத்தானே காசு" என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
நானும் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டவில்லை.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு,
காலியாக விட முடியாது.
வித்தியாசம்: 70.
காரணம்:
ஓர் ஆள்.