ஒன்றே கால் கிலோ

முதிரைப் பெட்டி எட்டு கிலோ.
உள்ளே படுத்திருப்பது ஒன்றரைகூட வராது.
தம்பிலுவில் சந்தியில் பஸ் ஏறும்போதெல்லாம்
கொண்டக்டர் பெட்டியைப் பார்ப்பார், பிறகு என்னை.
"ஆளுக்கு அரை டிக்கெட், பெட்டிக்கு முழுசு" என்பார்.
சிரிப்பேன்.
சிரித்தால் பின்கழுத்தில் இழுக்கும்.

அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
டொக்டர் கேட்டார், என்ன தொழில்?
நாதஸ்வரம்.
ஊதுறதால கழுத்து இப்பிடித் தேயாதே.
ஊதுறதால இல்ல டொக்டர், தூக்குறதால.
மூன்று கிலோவுக்கு மேல் கூடாது என்று
துண்டில் எழுதினார், அடியில் கோடும் கீறினார்.

ஹாட்வெயார் கடையில் நாலங்குலக் குழாய்
அளந்து வெட்டி வாங்கினேன்.
ஆச்சா மரம் அதற்குள் கிடந்து வேர்த்தது.
அணசோ வாய்க்குள் நுழைய மறுத்தது.
கல்முனையில் பட்மின்டன் பை.
சிப்பை மூட முடியாமல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க
கோமாரியில் பொலிஸ் மறித்தது.
என்ன அது?
சொன்னேன்.
ஊது பார்ப்பம்.
சீவாளி காய்ந்து போயிருந்தது.
கழுத்தை நெரித்த கோழிபோல் ஒரு சத்தம் வந்த பிறகுதான்
போ என்றார்கள்.
ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒரு படம் அனுப்பினான்:
காபன் பெட்டி, கறுப்பு, கண்ணாடிபோல் மினுக்கம்.
விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு உல்லையில் ஒரு கலியாணம்.
வெள்ளைக்காரச் சோடி, கடற்கரையில் தாலி,
எங்களுக்குக் காசும் கொத்துரொட்டியும்.
முடிந்து, பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு வருகிறேன்.
ஒரு பொடியன் ஓடுகிறான்,
தன்னைவிட நீளமான பலகையை
ஒற்றைக் கக்கத்தில் இடுக்கியபடி,
குடை கொண்டு போகிறவன்போல.
நின்றுவிட்டேன்.
அலை காலை நனைத்ததும் பெட்டியை நனைத்ததும்
மறுகாதான் தெரிந்தது.

பலகை திருத்துகிற நிப்றாஸின் கொட்டில்
பிசின் மணத்தில் தலை சுற்றும்.
எத்தனை அடி அண்ணன் உங்கட போட்?
மூன்றடி இரண்டங்குலம். போட் இல்ல தம்பி, நாதஸ்வரம்.
ஓம் ஓம், வால்பக்கம் அகலம் என்ன?
அணசைக் கழற்றிக் கொடுத்தேன்.
வட்டத்தைக் கொப்பித் தாளில் வரைந்தான்.
மூலையில், பிரெஞ்சுக்காரி ஒருத்தி அலையில் உடைத்து
விட்டுவிட்டுப் போன பலகையின் பாதி.
அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து
உள்ளே குடைந்தான்.
பஞ்சுபோல் வெள்ளைத் தூள் இமையிலெல்லாம் படிந்தது.
மேலே பைபர், உள்ளே மண்டபத்துக் கதிரையுறையின் வெல்வெட்.
வெளியே பிரெஞ்சுக்காரியின் சிவப்புக் கோடு
அப்படியே இருக்கட்டும் என்றேன்.
மீன்வாடித் தராசில் தூக்கினோம்.
ஒன்றே கால்.
நம்பாமல் கொக்கியைத் தட்டினேன்.
ஒன்றே கால்தான்.
குழலையும் வைத்தால் மூன்றுக்குள்,
டொக்டர் கீறிய கோட்டுக்கு மேலே இன்னும் இடம் கிடந்தது.
மூடி இறுக்கமா என்று பார்க்க
வெறுங்கூட்டைக் களப்பில் எறிந்தான் நிப்றாஸ்.
என் நெஞ்சு போய் வந்தது.
அது மிதந்தது, தாராவைப்போல.

மோட்டார் சைக்கிளில், முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறேன்.
பாலம் தாண்டியதும் ஒரு பயம்:
விட்டுவிட்டு வந்துவிட்டேனோ?
நிறுத்தித் திறந்தேன். இருந்தது.
கோமாரியில் திரும்பவும்.
அதே பொலிஸ்காரர், அதே நிழல்.
ஏன் நிற்கிறாய்?
குழல் இருக்கா எண்டு பாக்கிறன்.
அவரும் எட்டிப் பார்த்தார்.
தாண்டியடி வரை தாக்குப்பிடித்தேன்.
பிறகு அங்கேயும் ஒருமுறை.

தவில்காரன் சுபேந்திரன் அதை ஒரு விரலில் தூக்கி
என் முகத்தைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை.
அடுத்த நாளே தவிலோடு உல்லைக்குப் போய்விட்டான்.
நிப்றாஸ் கையை அகட்டி அளந்தானாம்,
ஒருதரம், பிறகு சுற்றிவர இன்னொருதரம்.
"கொஞ்சம் பொறுங்க அண்ணன்,
இந்தப் பருமனில போட் ஒண்டும் இன்னும் உடையல்ல."