காதின் உள்பக்கம்

உடம்பு ஆறத் தொடங்கியதும்
தெள்ளு கிளம்பிவிடும்.
சொந்தபந்தம் அதற்குக் கிடையாது,
சூடுதான்.
அதனால் பொறியோடு எலியைப் பையில் இட்டு
குளோரோஃபார்ம் பஞ்சும் போட்டு
வாயை முறுக்கிக் கட்டுவோம்.
பிறகு பையின் மடிப்பையும் உதறி எண்ண வேண்டும்.

தேவகோட்டையில் இது மூன்றாம் நாள்.
இருபத்தெட்டுப் பொறி.
அரிசி மண்டியில் பன்னிரண்டு,
புரோட்டாக் கடையின் பின்சுவரோரம் நான்கு,
நகராட்சிக் குப்பைக் கொட்டகையில் இரண்டு,
பூட்டிய வீடொன்றின் மூன்றாம் கட்டில் பத்து.
சாவிக்காரர் சாத்தப்பன் மூக்கைப் பிடித்தார்:
"கருவாடா வைக்கிறீக?
கல்யாணத்துக்குத் தெறக்கப் போற வீடும்மா."
வடை வாங்கி வைத்தோம்.
எலிக்கு ஆட்சேபம் இல்லை.

வெள்ளைத் தட்டு. பேன்சீப்பு.
வாலிலிருந்து தலைக்கு
மயிருக்கு எதிராக நான் சீவ,
உதிர்வதை வயிரவன் எண்ணுவான்
சீட்டாட்டத்தில் புள்ளி சொல்லும் குரலில்.
பதினோரு எலி. ஏழு தெள்ளு.
வகுத்தால் ஒன்றுக்குக் கீழே.
ஒன்றைத் தாண்டினால்தான் மேலிடம் பதறும்.
கீழே என்றால் ஊர் சுகம்,
கையெழுத்து, முத்திரை, டீ.

ஆனால் மூன்றாம் கட்டின் அந்தப் பெட்டை எலி.
தட்டில் ஒன்றுமே உதிரவில்லை.
தூக்கிப் போட எடுத்தவள்
காதைத் திருப்பிப் பார்த்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
கம்மல் போட்ட இடம் அரித்தால்
கண்ணாடியில் பார்ப்போமே, அப்படி.
உள்மடலில் செங்கல்தூள் ஒட்டியதுபோல்
ஒரு திட்டு.
லென்ஸில் வைத்தால்
தூளுக்குக் கால் இருந்தது,
ஆளுக்கு ஆறு.
முகத்தைப் புதைத்துக் கிடக்கிறவை
சீப்புக்கு எப்படி வரும்?
படிவத்தில் தேடினேன்:
இனம், பால், எடை, தெள்ளு.
நான்கு கட்டம்.
காதுக்குக் கட்டம் இல்லை.

பின்கொல்லைப் புதரை வெட்டியது யார் என்றேன்.
"ராக்கன். பந்தல் போட எடம் வேணும்ல.
பத்து நாளா ஆளக் காணோம்,
குடிச்சிட்டுக் கெடப்பான்."

ராக்கன் குடிக்கவில்லை.
அரசு ஆஸ்பத்திரியில்
பதினேழாம் எண் கட்டிலில்
கொதித்துக்கொண்டிருந்தார்.
டெங்கு இல்லை, மலேரியா இல்லை,
டைபாய்டு மாத்திரைக்கும் இறங்கவில்லை.
உடம்பில் புண் உண்டா என்று கேட்டபோதெல்லாம்
இல்லை என்றே சொல்லியிருக்கிறார்.
வலிக்காத புண்ணை
யார் புண் என்பார்?

நான் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினேன்.
டாக்டர் நூருன்னிசா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
பிறகு ஆண் நர்ஸைக் கூப்பிட்டுத்
திரையை இழுக்கச் சொன்னார்.
அரைஞாண் கயிற்றை நகர்த்தினால் அடியில்
பீடி நெருப்பை வைத்து எடுத்ததுபோல்
கறுத்த ஒரு பொருக்கு,
சுற்றிலும் சிவப்பு.
அன்றே மாத்திரை மாறியது.
ஒரு டீயைவிட விலை குறைந்த மாத்திரை.
மூன்றாம் நாள்
ராக்கன் புளிச்சோறு கேட்டதாக
வயிரவன் வந்து சொன்னான்.

அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
செவ்வுண்ணி. காது. பின்கொல்லை.
மருந்தடிக்கும்வரை பந்தல் வேண்டாம்.
அதிகாரி படித்தார்.
"எண்ணு ஒண்ணுக்குக் கீழதானம்மா இருக்கு?"
கல்யாணம் நடந்தது. எண்ணூறு இலை.
கொல்லைக்கு மருந்தடித்தார்களா தெரியாது,
வாசலில் பன்னீர் தெளித்தார்கள்.

அன்று முதல் குளிக்கும்போது
பாவாடை நாடா பதிந்த தடத்தை
விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கிறேன்.
அடுத்த மாதத்துப் படிவங்கள் வந்தன.
நான்கு கட்டம்.
ஐந்தாவதற்கு ஸ்கேல் வைத்து
நானே கோடு இழுத்தேன், நூறு தாளுக்கும்.
பாதிக்கு மேல் கோடு கோணல்.